வாய்ப் புற்றுநோய் (வாய்ப்புற்று) அபாயத்தைக் கணிக்க மெஷின் லேர்னிங்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பல் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருப்பவர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு மாணவர்கள், பரிசோதனை முகாம் நடத்தும் அமைப்புகளில் டேட்டா பார்த்துக்கொள்பவர்கள் என்று பல தரப்பிலிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: “யாருக்கு வாய்ப்புற்று வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்க ஒரு மாடல் செய்யணும், எந்த அல்காரிதம் நல்லது?” மெஷின் லேர்னிங் என்றால் பழைய டேட்டாவிலிருந்து கணிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குவது; அதற்கான கணக்கு வழி அல்காரிதம், அப்படிப் பழகி வருவது மாடல். இந்தக் கட்டுரையில் அல்காரிதத்துக்குக் கிடைப்பது ஒரு சின்னப் பகுதிதான். மாடலை ஓட விடுவது ஒரு மாலை நேர வேலை. அதற்கு முன்னால் கேள்வியைச் சரியாக வைப்பதும், நோயாளியிடம் சரியாகக் கேட்டு எழுதுவதும், பின்னால் வந்த எண்ணை நேர்மையாகப் படிப்பதும்தான் மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலைகள் சொதப்பினால் எந்த அல்காரிதமும் காப்பாற்றாது.

இந்தியாவில் ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் உதடு, வாய் சார்ந்ததுதான். 2022-ம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1.4 லட்சம் புதிய நோயாளிகள். இத்தனைக்கும் வாய் என்பது டார்ச் அடித்தாலே பார்த்துவிடக்கூடிய இடம். புற்றாக மாறுவதற்கு முன்பே பலருக்கு வெள்ளைப் படலமோ சிவப்புப் படலமோ கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியும் பெரும்பாலானவர்கள் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். எல்லோருடைய வாயையும் பார்க்க ஆள் இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்ய உதவினால் போதும், ஒரு மாடல் தன் வேலையைச் செய்துவிட்டது.

இது கற்பனை இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய பரிசோதனை ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 13 பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றில் பரிசோதனை, சிலவற்றில் வழக்கமான கவனிப்பு. 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு 34 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வின் டேட்டாவை வைத்து, ஒவ்வொருவரின் அபாயத்தையும் கணக்கிட்டு அதிக அபாயம் உள்ளவர்களை மட்டும் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று 2021-ல் இன்னொரு ஆய்வு பார்த்தது. நீங்கள் செய்யப்போவது இந்த வழியில்தான். இரண்டையும் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில், மாடல் எதைச் சொல்ல வேண்டும்?

‘வாய்ப்புற்று அபாயம்’ என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. இன்று இவர் வாயில் புற்றோ புற்றுக்கு முந்தைய மாற்றமோ இருக்கிறதா? இன்று ஒன்றும் இல்லாத இவருக்கு அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளில் வருமா? ஏற்கெனவே வெண்படலம் உள்ள இவருக்கு அது புற்றாக மாறுமா?

மூன்றுக்கும் டேட்டா வேறு. முதலாவதற்கு ஒரே நாளில் எடுத்த விவரங்கள் போதும். இரண்டாவதற்குப் பல ஆயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும், அல்லது அப்படிப் பின்தொடர்ந்த பழைய ஆய்வின் டேட்டா கையில் இருக்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரு வாய்நோய்ப் பிரிவின் நீண்டகாலப் பதிவேடு தேவை. மாணவர் புராஜெக்ட் பலவற்றில் முதல் கேள்விக்கான டேட்டாவை எடுத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதாக எழுதிவிடுகிறார்கள். “எதிர்காலத்தில் வரும் அபாயம்” என்று தலைப்பு வைக்கும் முன், உங்கள் டேட்டாவில் எதிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது முதல் கேள்விதான். முகாமுக்கு வந்தவரிடம் ஐந்து நிமிடம் பேசி, மருத்துவர் வாயைப் பரிசோதிப்பதற்கு முன்னாலேயே, ‘இவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்’ என்று சொல்லும் மாடல். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி இதை வைத்துத்தான்.

கேள்வி முடிவானதும் ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்: யாரிடம், எந்த நேரத்தில், எந்த விவரங்களை வைத்து, எதைக் கணிக்கிறோம், கணித்த பிறகு யார் என்ன செய்வார்கள். கடைசிப் பகுதிக்குப் பதில் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது

கம்ப்யூட்டர் பக்கமிருந்து வருபவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருட்கள் செல்லின் மரபணுவைச் சேதப்படுத்துகின்றன. பாக்கு தனியாகவே ஒரு காரணி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும்கூட, ஏன் பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகையில் வைத்தது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. கன்னம் விறைத்து, காரம் பட்டால் எரிந்து, நாளாக நாளாக வாய் திறக்கும் அளவு குறைகிறது. இதுதான் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். இருபது வயதுப் பையன்களிடமும் இதைப் பார்க்கலாம். பாக்கெட்டில் வரும் பாக்குத் தூளால் வந்த வினை. புகையும் மதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அபாயம் கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது.

இன்னொன்று: மேலைநாட்டு டேட்டாவில் ஹெச்பிவி (ஹ்யூமன் பாப்பிலோமா) வைரஸ் பற்றிய நெடுவரிசை ஒன்று இருக்கும். அந்த வைரஸுக்குப் பெரிய பங்கு இருப்பது டான்சில், அடிநாக்கு உள்ள தொண்டைப் பகுதிப் புற்றில். நம் ஊரில் அதிகம் பார்ப்பது கன்னத்தின் உட்புறமும் ஈறும் சேரும் இடத்தில் வருவது, அதாவது வெற்றிலையையும் புகையிலையையும் அடக்கி வைக்கும் அதே இடம். அமெரிக்க டேட்டாவில் பயிற்சி பெற்ற மாடலை அப்படியே விழுப்புரத்தில் ஓட விடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

படிவம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

பல படிவங்களில் இருக்கும் கேள்வி இது: “புகையிலைப் பழக்கம் உண்டா? ஆம் / இல்லை.” முகாமில் இந்தக் கேள்வியைக் கேட்டால் நடப்பது இப்படித்தான்:

“புகையிலைப் பழக்கம் உண்டாம்மா?”

“அதெல்லாம் இல்ல தம்பி.”

“வெத்தலை போடுவீங்களா?”

“அது போடுவேன். வேலைக்குப் போறப்போ போட்டாத்தான் வேலை ஓடும்.”

“அதோட என்னென்ன வெச்சுப்பீங்க?”

“பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் போயிலை.”

முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் இந்த அம்மா எக்செல் ஷீட்டில் ‘பழக்கம் இல்லை’ என்ற பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. புகையிலைப் பழக்கம் என்றால் அவரைப் பொறுத்தவரை பீடி, சிகரெட். இப்படி நூறு பேர் தப்பான பக்கத்தில் உட்கார்ந்தால், மாடல் புகையிலைக்கும் புற்றுக்கும் தொடர்பு குறைவு என்று கற்றுக்கொள்ளும்.

ஆகவே பொருள் பொருளாகக் கேளுங்கள். வெற்றிலை, வெறும் பாக்கு, சீவல், பாக்கெட் பாக்கு, மெல்லும் புகையிலை, உதட்டுக்கடியில் வைக்கும் பொட்டலம், மூக்குப்பொடி, பீடி, சிகரெட், சுருட்டு, மது. ஊருக்கு ஊர் கடையில் விற்கும் பெயர் மாறும். களப்பணிக்கு முந்தைய நாள் பக்கத்துப் பெட்டிக்கடையில் விசாரித்து, அந்த ஊர்ப் பெயர்களைப் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொன்றுக்கும்: எந்த வயதில் ஆரம்பித்தார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் வாயில் இருக்கும், எந்தப் பக்கம் அடக்குவார், தூங்கும்போதும் வைத்துக்கொள்வாரா. கடைசி இரண்டும் பலருடைய படிவத்தில் இருப்பதே இல்லை. வாயில் எங்கே, எவ்வளவு நேரம் பொருள் படுகிறது என்பதைச் சொல்பவை அவைதான்.

வயது நினைவில்லை என்பார்கள். “கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா?”, “மூத்த பிள்ளை பிறந்தப்போ போடுவீங்களா?” என்று கேட்டால் கிட்டத்தட்டச் சரியான பதில் வரும். மதுவைப் பற்றிக் கேட்கும்போது மனைவியோ மகனோ பக்கத்தில் நிற்கக் கூடாது.

விட்டுவிட்டேன் என்பவரிடம் எப்போது, ஏன் விட்டார் என்று கட்டாயம் கேளுங்கள். வாய் எரிந்ததால், புண் வந்ததால் விட்டவர்கள் நிறைய. காரணத்தைக் கேட்காமல் ‘முன்பு இருந்தது, இப்போது இல்லை’ என்று மட்டும் எழுதினால், பழக்கத்தை விட்டவர்களுக்கு அபாயம் அதிகம் என்று மாடல் சொல்லும். அதை யாராவது நோயாளியிடம் சொல்லிவிட்டால் எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. இந்தியாவில் தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில், 30 வயது கடந்தவர்களுக்குக் களப்பணியாளர்கள் நிரப்பும் சிபிஏசி என்ற படிவம் இருக்கிறது. புகையிலை, குட்கா தினமும் என்றால் 2 மதிப்பெண், எப்போதாவது என்றால் 1. வாய் திறக்கச் சிரமமா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ படலமோ உண்டா, குரலில் மாற்றமா என்ற கேள்விகளும் அதில் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்த பொதுப் படிவம் என்பதால் வாய்ப்புற்றுக்கென்று பார்த்தால் மேலோட்டமானது. ஆனாலும் அந்தக் கேள்விகளை அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் கேள்விகளைச் சேர்த்தால், பின்னால் இரண்டையும் ஒப்பிடலாம்.

வயது, பாலினம், படிப்பு, தொழில், பல் சுத்தம், கூர்மையான பல் கன்னத்தில் உரசுகிறதா, குடும்பத்தில் யாருக்காவது புற்று, சாப்பாட்டில் காய்கறி பழம் ஆகியவை மீதி. முன்பற்களின் விளிம்புக்கு விளிம்பு வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்பதை ஒரு சாதாரண காலிப்பரால் அளந்து எழுதலாம். இந்த ஒரு எண் சல்லிசாகக் கிடைக்கிறது, நிறைய விஷயம் சொல்கிறது.

விடைத்தாளை யார் எழுதுகிறார்கள்?

மாடலுக்கு நீங்கள் சொல்லித்தரும் ‘ஆம்’, ‘இல்லை’ எங்கிருந்து வருகிறது? புற்று என்று உறுதிசெய்வது பயாப்ஸி (திசுவைச் சிறிது வெட்டியெடுத்துச் சோதிப்பது) மட்டுமே. ஆனால் சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும்தான் பயாப்ஸி எடுக்கிறார்கள். மற்ற எல்லோரையும் ‘இல்லை’ என்று போட்டுவிட்டால், மருத்துவரின் சந்தேகத்தைத்தான் மாடல் நகல் எடுக்கும். குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: படிவத்தில் என்ன பதில் வந்தது என்று தெரியாத ஒரு பல் மருத்துவர், வந்த எல்லோருடைய வாயையும் ஒரே முறையில் முழுமையாகப் பார்க்க வேண்டும். உதடு, இரு கன்னங்கள், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடி, மேல் அண்ணம். ஒரு பகுதி நோயாளிகளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடுங்கள். இருவரும் அடிக்கடி வேறுபட்டால், மாடலுக்கு முன்னால் மருத்துவர்களுக்குப் பயிற்சி தேவை.

புற்றும் அதற்கு முந்தைய மாற்றங்களும் சேர்ந்ததை விடையாக வைத்தால் எண்ணிக்கை கூடும், மாடல் தடுமாறாமல் கற்கும். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் இதற்கு நெருக்கமாகத்தான் செய்தார்கள். வயது, சமூகப் பொருளாதார நிலை, வெற்றிலை, புகை, மது ஆகியவற்றை வைத்து, புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் யாருக்கு இருக்கக்கூடும் என்று சொல்லும் மதிப்பெண் முறை ஒன்றை உருவாக்கி 2010-ல் வெளியிட்டார்கள். காகிதத்திலேயே கூட்டிப் பார்த்துவிடலாம். முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதோடு நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி. படிவம் நிரப்புவதற்கு முன்பே வாங்க வேண்டும், பின்னால் வாங்க முடியாது. மருத்துவத்தில் ஏஐ பயன்படுத்துவது பற்றி ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படியுங்கள். அதே ஆண்டு வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். பெயரும் போன் நம்பரும் உள்ள ஷீட் தனியாக, மாடலுக்குப் போகும் ஷீட் தனியாக இருக்கட்டும். இரண்டையும் இணைக்கும் எண் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும்.

இணையத்தில் கிடைக்கும் டேட்டா

சொந்த டேட்டா சேர்க்க நேரமில்லை என்று இலவச டேட்டாசெட்டை இறக்கிக்கொள்பவர்கள் அதிகம். பழகிப்பார்க்க நல்லதுதான். ஆனால் நெடுவரிசைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். வயது, புகையிலை, மதுவுக்குப் பக்கத்திலேயே கட்டியின் அளவு, நோயின் நிலை, எந்தச் சிகிச்சை, சிகிச்சைச் செலவு என்று இருக்கும். கட்டியின் அளவு பூஜ்யம் என்றால் புற்று இல்லை, அதற்கு மேல் என்றால் உண்டு. மாடல் 100 சதவீதம் சரியாகச் சொல்லும். சொல்லாமல் என்ன செய்யும்? விடை கேள்வித்தாளிலேயே அச்சாகியிருக்கிறது.

இதற்கு டேட்டா கசிவு என்று பெயர். கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ‘முகாமுக்கு வந்த ஒருவரைப் பற்றி, மருத்துவர் அவர் வாயைப் பரிசோதிப்பதற்கு முன், இது எனக்குத் தெரியுமா?’ என்று கேளுங்கள். தெரியாது என்றால் நீக்குங்கள். நீக்கிய பிறகு மாடல் காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வது போல ஆகிவிட்டால், அந்த டேட்டாவில் உண்மையான மனிதர்களே இல்லாமலும் இருக்கலாம். எங்கே, யாரிடம், எந்த ஆண்டு சேகரித்தது என்ற விவரமில்லாத டேட்டாவை வைத்து எந்த முடிவும் எழுதாதீர்கள்.

கசிவு மறைமுகமாகவும் வரும். புற்றுநோயாளிகளை ஒரு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்தும், நோயில்லாதவர்களைக் கல்லூரி மாணவர்களிடமிருந்தும் எடுத்தால், மாடல் கற்றுக்கொள்வது வயதை மட்டும்தான். இரு தரப்பும் ஒரே ஊர், ஒரே முகாம், ஒரே படிவத்திலிருந்து வர வேண்டும்.

இப்போது மாடல்

பைத்தான் மொழி, அதில் டேட்டாவைக் கையாள பாண்டாஸ், மாடல் செய்ய சைக்கிட்-லேர்ன். இணையத்திலேயே பைத்தான் ஓட்டவிடும் கூகுள் கோலாபில் ஓட்டினால் போதும், பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. அடையாளம் நீக்காத டேட்டாவை மட்டும் அங்கே ஏற்ற வேண்டாம்.

முதலில் டேட்டாவைப் பிரியுங்கள், ஊர்வாரியாக. பத்து ஊர்களில் முகாம் நடந்திருந்தால் ஏழு ஊர் கற்க, மூன்று ஊர் சோதிக்க. கலைத்துப் போட்டுப் பிரித்தால் ஒரே குடும்பம் இரு பக்கமும் விழும், ஒரே பணியாளர் நிரப்பிய படிவங்களும் இரு பக்கமும் விழும். முடிவு உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

பிறகு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அதாவது ஒவ்வொரு காரணிக்கும் ஓர் எடை போட்டுக் கூட்டி, அதிலிருந்து நோய்க்கான வாய்ப்பைச் சொல்லும் பழைய புள்ளியியல் முறை. ஆம், அதுதான். 71 ஆய்வுகளை அலசி 2019-ல் வந்த ஒரு கட்டுரை, மருத்துவக் கணிப்புகளில் மெஷின் லேர்னிங் முறைகள் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனைவிட மேலானவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று முடித்தது. இருபது முப்பது நெடுவரிசைகள் உள்ள டேட்டாவில் ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற சிக்கலான அல்காரிதங்கள் எல்லாம் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். ஓட்டிப் பாருங்கள், தவறில்லை. ஆனால் சிறிய வித்தியாசத்துக்காக, ஏன் அப்படிச் சொன்னது என்று மருத்துவரிடம் விளக்க முடியாத மாடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எத்தனை காரணிகளைச் சேர்க்கலாம்? நோய் உள்ள 10 பேருக்கு ஒரு காரணி என்பது பழைய கணக்கு. இப்போது இன்னும் நுட்பமான சூத்திரங்கள் வந்துவிட்டன, ஆனால் தொடங்குவதற்கு இது போதும். 2,000 பேரில் 40 பேருக்குத்தான் மாற்றங்கள் என்றால் நான்கு காரணிகளோடு நிறுத்துங்கள். எந்த நான்கு என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வயதை ‘நாற்பதுக்கு மேல், கீழ்’ என்று வெட்டாமல் எண்ணாகவே கொடுங்கள். விடுபட்ட பதில்களைப் பூஜ்யம் என்று நிரப்பாதீர்கள். மதுக் கேள்வியைப் பதில் சொல்லாமல் தாண்டியவர் குடிக்காதவர் என்று அர்த்தமில்லை.

நோயுள்ளவர்கள் குறைவாக இருப்பதால் ஸ்மோட் போன்ற முறையில் செயற்கையாகப் பெருக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அபாய மதிப்பீட்டுக்கு அது வேண்டாம். 2022-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியபடி, இப்படிச் சமன் செய்தால் மாடல் தரும் சதவீதங்கள் உண்மையைவிட மிக அதிகமாக ஊதிவிடுகின்றன. நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறியும் திறனும் கூடுவதில்லை.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

200 புற்றுநோயாளிகள், 200 ஆரோக்கியமானவர்கள் என்று சரிபாதி எடுத்து மாடல் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 80 சதவீதம் என்று மாடல் சொல்கிறது. உண்மையான ஊரில் ஆயிரத்தில் இரண்டு பேருக்குத்தான் நோய் என்றால் இதன் பொருள் என்ன? 80 சதவீதம் என்பது நாலுக்கு ஒன்று என்ற விகிதம், அதாவது 4. உங்கள் டேட்டாவில் நோயுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள விகிதம் 1 (200-க்கு 200), ஊரில் ஏறக்குறைய 0.002. ஆகவே 4-ஐ 0.002-ஆல் பெருக்க வேண்டும்: 0.008. சதவீதத்தில் 0.8. எண்பது என்று திரையில் வந்தது உண்மையில் ஒன்றுகூட இல்லை. இந்தத் திருத்தத்தைச் செய்யாத செயலி ஒருவரிடம் “உங்களுக்கு 80 சதவீத வாய்ப்பு” என்று காட்டினால், அந்த ஆள் அன்று இரவு தூங்குவாரா?

அடுத்து, துல்லியம். 10,000 பேர் உள்ள பகுதியில் 20 பேருக்கு நோய். எல்லோருக்கும் ‘இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கும் 99.8 சதவீதத் துல்லியம் உண்டு. ஆகவே அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள். நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தையும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் மாடல் என்றால்: 18 பேர் பிடிபடுவார்கள், 2 பேர் தப்புவார்கள். நோயில்லாத 9,980 பேரில் 998 பேருக்கும் மாடல் கை காட்டும். மொத்தம் 1,016 பேரை அனுப்பினால் அதில் 18 பேருக்குத்தான் நோய்.

இது மோசமா? அடுத்த கட்டம் என்ன என்பதைப் பொறுத்தது. டார்ச் வைத்து வாயைப் பார்ப்பது என்றால், 10,000 பேரைப் பார்ப்பதற்குப் பதில் 1,016 பேரைப் பார்த்து 18 பேரைக் கண்டுபிடிப்பது நல்ல லாபம். நேரே பயாப்ஸி என்றால் அநியாயம். எனவே எத்தனை சதவீதத்துக்கு மேல் வந்தால் ‘ஆம்’ என்று கொள்வது என்ற எல்லைக்கோட்டை 50 சதவீதம் என்று சாஃப்ட்வேர் தருவதை அப்படியே எடுக்காதீர்கள். முகாம் மருத்துவரால் ஓர் ஆண்டில் 1,500 பேரைப் பார்க்க முடியும் என்றால், மாடல் வரிசைப்படுத்தியதில் முதல் 1,500 பேரை எடுத்து, நோயுள்ளவர்களில் எத்தனை பேர் அதற்குள் வந்துவிட்டார்கள் என்று எண்ணுங்கள். அப்புறம் அதே 1,500 பேரை ‘35 வயதுக்கு மேல், ஏதாவது ஒரு பழக்கம்’ என்ற சாதாரண விதியால் தேர்ந்தெடுத்தால் எத்தனை பேர், சிபிஏசி மதிப்பெண்ணால் தேர்ந்தெடுத்தால் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். உங்கள் மாடல் அவற்றைவிட ஒருவரையாவது கூடுதலாகப் பிடிக்கவில்லை என்றால் சாதாரண விதியே போதும் என்று எழுதுங்கள். அதுவும் பிறருக்குப் பயன்படும் முடிவுதான்.

கேலிபரேஷனையும், அதாவது மாடல் சொல்லும் சதவீதம் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். மாடல் சுமார் 2 சதவீதம் என்று சொன்ன 500 பேரில் ஏறக்குறைய 10 பேருக்கு நோய் இருக்க வேண்டும். மூன்று பேருக்குத்தான் என்றால் மாடல் மிகைப்படுத்துகிறது. ஆண், பெண், வயதுப் பிரிவு, ஊர் என்று தனித்தனியாகவும் பாருங்கள். வெற்றிலை மட்டும் போடும் வயதான பெண்களிடம் மாடல் தடுமாறுவது வழக்கம், ஏனென்றால் கற்றுக்கொடுத்த டேட்டாவில் பெரும்பாலும் ஆண்கள். கட்டுரை எழுதும்போது கணிப்பு மாடல் ஆய்வுகளில் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும், 2024-ல் வந்த ட்ரைபாட்-ஏஐ பட்டியலை வைத்துக்கொண்டு எழுதினால் எதுவும் விடுபடாது.

போட்டோவை வைத்துச் செய்வது பற்றி

போன் கேமராவில் எடுத்த வாய்ப் படங்களிலிருந்து புண்ணை அடையாளம் காண்பது இன்னொரு வேலை. முதல் புராஜெக்டாக எடுக்க வேண்டாம் என்பேன். எடுப்பதென்றால் மூன்று விஷயம். ஒரே நோயாளியின் எல்லாப் படங்களும் ஒரே பக்கம் போக வேண்டும், கற்பதிலோ சோதிப்பதிலோ. புற்றுப் படங்கள் மருத்துவமனையில் கன்னத்தை விலக்கும் கருவியோடு எடுத்தவை, நல்ல வாய்ப் படங்கள் வீட்டில் எடுத்தவை என்றால், மாடல் கருவியைத்தான் கற்கும். வெற்றிலைக் கறையைச் சிவப்புப் படலமாக எடுத்துக்கொள்ளும்; வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். முகம் படத்தில் வரக் கூடாது.

களத்தில் இறக்கும்போது

மதிப்பெண் குறைவாக வந்தவரிடம் “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லும் உரிமை மாடலுக்குக் கிடையாது. மாடல் என்ன சொன்னாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், கழுத்தில் கட்டி, வாய் திறக்கச் சிரமம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த விதியைச் செயலிக்குள் மாடலுக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். அந்த அறிகுறி உள்ளவருக்கு மதிப்பெண்ணே காட்ட வேண்டாம்.

திரையில் சதவீதம் காட்டுவதற்குப் பதில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: “இன்றே வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அறை எண் 3.” பழக்கம் உள்ள எல்லோருக்கும், மதிப்பெண் எதுவானாலும், விடுவதற்கு உதவும் இடத்தின் விவரம் கையில் கிடைக்க வேண்டும்.

முகாமில் அனுப்பி வைத்தவர்களில் கணிசமானோர் மருத்துவமனைக்குப் போவதில்லை. கூலி போய்விடும், பஸ் செலவு, கூட வர ஆளில்லை, பயம். ஆகவே படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்களை முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள்: எந்தத் தேதிக்குள் போகச் சொன்னோம், போனாரா. ஒரு மாதம் கழித்து, சம்மதம் தந்தவர்களுக்குப் போன் செய்து அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தைப் பட்ஜெட்டில் கிளவுட் செலவுக்கு மேலே எழுதுங்கள்.